கழுத்தடியில் ஒரு முகத்துவாரம்

இதயம் பலவீனப்பட்டவருக்குக் கால் ஏன் வீங்குகிறது என்று உயர்தர வகுப்பில் கேட்டால், கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு காரணம் சொல்வார்கள். இதயம் முன்னுக்குத் தள்ள முடியாமல் இரத்தம் பின்னுக்கு நாளங்களில் தேங்குகிறது. இரத்தம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. இரண்டும் சரி, முழுப் புள்ளி போடலாம். ஆனால் இரண்டுமே தண்ணீர் வந்த வழியைச் சொல்கிற விடைகள். வந்த தண்ணீர் வடிந்து போவதற்கென்றே உடம்பில் ஒரு தொகுதி இருக்கிறதே, அது அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தது?

நிணநீர்த் தொகுதியைத்தான் சொல்கிறேன். குருதிச் சுற்றோட்டம் படிப்பித்து முடிகிற இடத்தில், தவணைப் பரீட்சை நெருங்கும்போது, அவசரமாகத் தாண்டிப் போகிற பகுதி அது. உயிரியல் படிப்பிக்கிற எனக்கே அதைத் தேடிப் படிக்க ஒரு வருத்தக்காரர் தேவைப்பட்டார்.

அவர் என் மாமா. மண்டூர்ப் பக்கம் வேளாண்மை செய்தவர். முன்பொருமுறை வந்த மாரடைப்பு இதயத்தின் ஒரு பக்கச் சுவரைப் பழுதாக்கிவிட்டுப் போனது. அதற்குப் பிறகும் வயலை விடவில்லை. கால் ஊதத் தொடங்கியபோது “சேத்துல நிண்ட கால்தானே மனே, ஊதித்தான் கிடக்கும்” என்றார். பிறகு செருப்பு வார் பதிந்த தடம் இரவாகியும் மறையாமல் கிடந்தது. பிறகு வயிறு பொருமி, சாறனை வழமையான இடத்தில் கட்ட முடியவில்லை. நாலு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழும்பிக் கதிரையில் குந்தியிருந்து விடியவைத்தது எல்லாவற்றுக்கும் கடைசியில். மாமி அப்போதுதான் எனக்குக் கோல் எடுத்தார்.

வார்ட்டில் டொக்டர் காலைத் தொட முன்பே கழுத்தைப் பார்த்தார். கட்டிலின் தலைப்பக்கத்தை அரைவாசி நிமிர்த்தி, மாமாவின் முகத்தை இடப்பக்கம் திருப்பச் சொல்லி, பக்கவாட்டில் குனிந்து தாடைக்குக் கீழே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். தோலுக்கடியில் ஏதோ ஒன்று மெல்ல ஏறி இறங்கியது, காதுமடல் வரைக்கும். நாடி என்றால் விரலில் அடிக்கும். இது விரலுக்குத் தட்டுப்படவில்லை, கண்ணுக்குத்தான் தெரிந்தது. கழுத்து நாளம். சுகதேகி அப்படிச் சாய்ந்திருக்கும்போது அந்தத் துடிப்பு காறையெலும்புக்கு மேலே பெரும்பாலும் தெரியாது, அல்லது கொஞ்சமாகத் தெரியும். அது ஏறி நிற்கும் உயரம் இதயத்தின் வலப்பக்கத்தில் உள்ள அமுக்கத்தை ஊசி குத்தாமலே காட்டிவிடுகிறது. சாதாரணமாக எட்டு மில்லிமீற்றர் இரசத்துக்குள் நிற்க வேண்டிய அந்த அமுக்கம், இதயம் தளர்ந்தவர்களில் பதினைந்து, இருபது என்று போகும்.

அந்தக் கழுத்தடிதான் இந்தக் கதையின் மையம். ஆனால் அதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

இதயம் ஒரு நாளைக்குத் தள்ளும் இரத்தம் ஏறக்குறைய 7,000 லீட்டர். அது மயிர்க்குழாய்களைக் கடந்து போகும்போது சுமார் 8 லீட்டர் திரவம் சுவரால் கசிந்து இழையங்களுக்குள் இறங்குகிறது. 7,000இல் 8 என்றால் அற்பமாகத் தோன்றும். உடம்பிலுள்ள பிளாஸ்மா மொத்தமே 3 லீட்டர் அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். கசிந்தது திரும்பி வராவிட்டால் காலையில் எழும்பிய ஆளின் இரத்தக்குழாய்கள் பொழுது சாய முன்பே வற்றிப்போகும்.

எப்படித் திரும்பி வருகிறது? இங்கே நாங்கள் படித்த படம் ஒன்று இருக்கிறது. மயிர்க்குழாயின் நாடி முனையில் அமுக்கம் கூட, திரவம் வெளியே போகும். நாள முனையில் அமுக்கம் குறைய, பிளாஸ்மாவிலுள்ள புரதங்கள் அதைத் திரும்ப உள்ளே இழுக்கும். மிச்சம் மீதி கொஞ்சத்தை நிணநீர் பொறுக்கிக்கொள்ளும். வெளியே போக நாலு அம்புக்குறி, உள்ளே வர மூன்றரை. 1896இல் லண்டனில் ஏர்னெஸ்ட் ஸ்டார்லிங் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த படம் இது. (இதயத்தை எவ்வளவு இழுத்து நிரப்புகிறோமோ அவ்வளவு பலமாக அது சுருங்கும் என்ற விதியோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே ஸ்டார்லிங்தான். ஒரே மனிதர் இந்த வருத்தத்தின் இரண்டு பக்கத்திலும் நிற்கிறார்.)

அமுக்கங்களின் இழுபறி என்ற அவருடைய அடிப்படை இன்றும் அசையவில்லை. அசைந்தது அந்த நாள முனை அம்புக்குறிகள். மயிர்க்குழாயின் உட்சுவரில் சர்க்கரையும் புரதமும் கலந்த ஒரு மெல்லிய படை இருக்கிறது. புரதங்களின் இழுவை அந்தப் படைக்கு மேலும் கீழும் உள்ள வித்தியாசத்தில்தான் தங்கியிருக்கிறது, முழு இழையத்திலும் அல்ல. அதைக் கணக்கில் எடுத்து லெவிக், மிஷெல் என்ற இரண்டு உடற்றொழிலியலாளர்கள் 2010இல் முழுவதையும் திருப்பி எழுதினார்கள். அவர்கள் வந்த முடிவு: குடல், சிறுநீரகம் போன்ற சில இடங்களை விட்டால், பெரும்பாலான இழையங்களில் நாள முனையில் தொடர்ச்சியான மீள் உறிஞ்சல் கிடையாது. மயிர்க்குழாய் முழு நீளத்துக்கும் மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கிறது. அப்படியென்றால் கசிந்ததைத் திருப்பிக் கொண்டுவருகிற பொறுப்பு பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில்தான்.

மிச்சம் மீதி பொறுக்குகிறது என்று நாங்கள் நினைத்திருந்த ஆள்.

நிணநீர்க் கலன்கள் இழையங்களுக்குள் மூடிய நுனியோடு தொடங்குகின்றன. நுனியில் உள்ள கலங்கள் ஒன்றின் மேல் ஒன்று விளிம்பு மடிந்து கிடக்கும். வெளியே திரவம் கூடினால் அந்த விளிம்புகள் உள்ளே திறக்கும், உள்ளே கூடினால் மூடிக்கொள்ளும். அங்கிருந்து பெரிய கலன்கள், வழியில் நிணநீர்க் கணுக்கள். கணுக்களில் தண்ணீரில் ஏறக்குறைய பாதி இரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. மிச்சம் நாலு லீட்டர் அளவு, இரண்டு கால்களிலிருந்தும் ஈரலிலிருந்தும் குடலிலிருந்தும் இடக் கையிலிருந்தும் சேர்ந்து, முள்ளந்தண்டின் முன்னால் ஏறி வரும் நெஞ்சறைக் கானுக்குள் போகிறது. நாற்பது சென்ரிமீற்றர் அளவு நீளம், சில மில்லிமீற்றர் அகலம், அவ்வளவுதான். 1622இல் இத்தாலியில் அசெல்லி சாப்பிட்டு முடித்த நாயின் வயிற்றைத் திறந்தபோது குடல் மடிப்பில் வெள்ளை நூல்களாகக் கண்டதும், 1651இல் பிரான்சின் பெக்கே நெஞ்சுக்குள் தேடிப் பிடித்ததும் இந்தத் தொகுதியைத்தான். அதற்குப் பிறகு சுவீடனின் ருட்பெக்கும் டென்மார்க்கின் பார்த்தோலினும் யார் முதலில் கண்டது என்று சண்டை பிடித்த கதை நீளம். இன்னொரு நாள் எழுதலாம்.

நெஞ்சறைக் கான் போய் விழும் இடத்தைப் பாருங்கள். இடப்பக்கக் காறையெலும்புக்குப் பின்னால், கையிலிருந்து வரும் நாளமும் கழுத்திலிருந்து வரும் நாளமும் சந்திக்கிற மூலை. டொக்டர் பார்த்தது வலப்பக்கக் கழுத்து, இது இடப்பக்கம். ஆனால் இரண்டு பக்க நாளங்களும் கொஞ்சத் தூரத்தில் ஒன்றாகி ஒரே இதயவறையில்தான் இறங்குகின்றன, அமுக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உடம்பின் முக்கால்வாசி நிணநீர் வெளியேறும் ஒரே வாய், இதயம் தளர்ந்தால் அமுக்கம் ஏறுகிற அதே நாளத்துக்குள் திறக்கிறது.

இதை வார்ட்டில் மாமாவுக்குச் சொல்லப் போனேன். படிப்பிக்கிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. உடம்பிலிருந்து வடிகிற தண்ணி எல்லாம் கழுத்தடியில் இரத்தத்தோடு சேருது மாமா, அந்த இடத்தில் அமுக்கம் கூடிக் கிடக்கு என்றேன்.

“அப்ப முகத்துவாரம் மூடிக் கிடக்கு எண்டு சொல்லன்.”

மட்டக்களப்பார் அல்லாதவர்களுக்காக: எங்கள் வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம்வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. கடலுக்குத் திறக்கும் வாய் இரண்டுதான், பாலமீன்மடுவுக்குக் கிட்ட ஒன்று, கல்லாற்றுப் பக்கம் ஒன்று. கோடையில் கடல் மண்ணை ஒதுக்கி வாயை மூடிவிடும். மாரி மழை தொடங்கினால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்களின் தண்ணீர் முழுவதும் ஆறுகளாலும் வாய்க்கால்களாலும் வாவிக்குள் இறங்கும், வாய் மூடியிருந்தால் போக இடமில்லாமல் வயலுக்கே திரும்பும். முகத்துவாரத்தை வெட்டு என்று வேளாண்மைக்காரர் கச்சேரிக்கு நடப்பதும், இப்ப வெட்டாதே என்று மீன்பிடிக்கிறவர்கள் மறிப்பதும் எங்களூரில் பழைய வழக்கு.

மாமா அதோடு விடவில்லை. “வெட்டினாலும் கடல் பொங்கி நிண்டா தண்ணி இறங்காது மனே. ரெண்டாயிரத்திப் பதினொண்டு வெள்ளத்துல பாத்தனாங்கதானே.”

இதுதான் விஷயம். நெஞ்சறைக் கானின் வாயில் மண் எதுவும் இல்லை. இரத்தம் உள்ளே வராதபடி ஒரு வால்வு இருக்கிறது, அது வேலை செய்கிறது. வாய் திறந்தேதான் இருக்கிறது, ஆனால் வெளியே கடல் உயர்ந்து நிற்கிறது. அதே நேரம் மேலே மழையும் கூடியிருக்கிறது, ஏனென்றால் நாளங்களில் ஏறிய அதே அமுக்கம் பின்னால் போய் மயிர்க்குழாய்களிலும் கசிவைக் கூட்டுகிறது. வரவு கூடுகிற அதே காரணத்தால் வடிவும் தடைப்படுகிறது. வகுப்பில் பிள்ளைகள் சொல்லும் இரண்டு காரணங்களும் முதல் பாதிக்குத்தான் விடை.

வாய்க்காலோடு ஒப்பிடுவது ஓரிடத்தில் உடையும், அதையும் சொல்லிவிட வேண்டும். வாய்க்கால் தண்ணீரைத் தள்ளாது. நிணநீர்க் கலன் தள்ளும். அதன் சுவரில் தசை இருக்கிறது. வால்வுக்கு வால்வு தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்து, நிமிடத்துக்குச் சில தடவை தானாகச் சுருங்குகிறது. நரம்பு வந்து சொல்லத் தேவையில்லை, இதயத்தைப் போலவே. நாங்கள் அசையாமல் குந்தியிருக்கும்போது காலிலிருந்து நிணநீர் மேலே ஏறுவது இந்தச் சுருக்கத்தால்தான். நிறைய வந்தால் அது வேகமாகவும் பலமாகவும் சுருங்கும். வெளியமுக்கம் கூடினாலும் கொஞ்சக் காலம் எதிர்த்துத் தள்ளும். மாதக்கணக்கில் இரண்டும் சேர்ந்து வந்தால் கலன் விரிகிறது, விரிந்தால் வால்வு விளிம்புகள் ஒன்றையொன்று தொடாது, தள்ளியது திரும்பி ஒழுகும். இதயம் தளர்ந்தபோது நடந்தது இன்னொரு தரம் நடக்கிறது, இந்த முறை நிணநீர்க் கலனில்.

இது மேசையில் குந்தி யோசித்த கதை என்று நினைக்க வேண்டாம். 1963இல் நியூயோர்க்கில் டியூமொன்ற் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் கூட்டாளிகளும் இதய வருத்தக்காரர்களின் கழுத்தில் நெஞ்சறைக் கானைத் தேடிப் பிடித்து, அதற்குள் குழாய் வைத்து நிணநீரை வெளியே ஒழுக விட்டார்கள். கான் புடைத்து, நிணநீர் வழமையைவிடப் பல மடங்கு வேகமாக வந்தது. வெளியே விட்டதும் கழுத்து நாளம் இறங்கியது, ஈரல் சுருங்கியது, வீக்கம் வடிந்தது, மூச்சு இலகுவானது. இதயத்தில் அவர்கள் கை வைக்கவே இல்லை. அப்படியானால் ஏன் இன்று எல்லா வார்ட்டிலும் அதைச் செய்வதில்லை? நிணநீரோடு புரதமும் நோயெதிர்ப்புக் கலங்களும் சேர்ந்து போய்விடும், நாட்கணக்கில் விட முடியாது. அந்தக் காலத்தில்தான் புரூசமைட் குளிசையும் ஊசியும் வந்தன. சிறுநீராகப் போக வைக்கலாம் என்றால் கழுத்தை வெட்டுவானேன்? மருத்துவம் அந்தப் பக்கம் போய்விட்டது, நிணநீரை நாற்பது ஐம்பது வருடங்கள் பெரும்பாலும் மறந்தும் விட்டது. நியாயமான மறதி என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அந்தக் குளிசை உண்மையில் வேலை செய்கிறது.

வேலை செய்யாத நேரங்களும் உண்டு. மாமாவுக்கு ஊசி போட்ட இரண்டாம் நாள் மூத்திரம் குடம் குடமாகப் போனது, தாதி அளந்து அளந்து எழுதினார். அடுத்த நாள் பிரஷர் விழுந்து தலை சுற்றியது, இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகக் கணக்கும் கூடியது. ஆனால் கால் அப்படியே கிடந்தது. பெருவிரலால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அழுத்தினால் விழுந்த குழி, நான் எழும்பி யன்னலைச் சாத்திவிட்டு வந்து பார்க்கும்போதும் இருந்தது. மாமி குழம்பிப்போனார். உடம்பு முழுக்கத் தண்ணி கிடக்கு, தண்ணி வற்றிப் போச்சு எண்டு சொல்றாங்களே?

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். குளிசை தண்ணீரை எடுப்பது இரத்தத்திலிருந்து. இரத்தத்தில் குறைந்ததை இழையத்தில் கிடக்கும் தண்ணீர் வந்து நிரப்ப வேண்டும். அது வருகிற வழிகளில் பெரியது நிணநீர். அந்த வழி அடைபட்டும் களைத்தும் இருந்தால், எடுக்கிற வேகத்துக்கு நிரப்புகிற வேகம் ஈடுகொடுக்காது. குழாய்க்குள் வறட்சி, வெளியே வெள்ளம். டொக்டர்மார் ஊசியின் அளவைக் குறைத்து, இடைவெளி விட்டு, நாளுக்கு நாள் நிறையைப் பார்த்து இறக்குவது இதனால்தான். “ஏன் ஒரேயடியா எடுக்கிறாங்க இல்ல” என்று வார்ட்டில் சண்டைக்குப் போகிற உறவுக்காரர்களுக்கு (நான் சிலரைப் பார்த்திருக்கிறேன்) இதைச் சொல்லிப் பாருங்கள்.

சிறுநீரகத்தைப் பற்றியும் ஒரு சொல். இதயம் போதுமான இரத்தம் அனுப்பாததால்தான் சிறுநீரகம் கெடுகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2009இல் முலென்ஸ் என்ற இதய மருத்துவரின் குழுவினர் முற்றிய வருத்தக்காரர்களைப் பார்த்தபோது, இதயம் தள்ளும் அளவைவிட நாளங்களில் தேங்கிய அமுக்கம்தான் சிறுநீரகக் கேட்டோடு நெருக்கமாக நின்றது. இறுக்கமான உறைக்குள் இருக்கும் உறுப்பு அது, வீங்க இடம் கிடையாது.

வயிறு பொருமியதற்கும் விளக்கம் இதற்குள்ளேயே இருக்கிறது. உடம்பின் நிணநீரில் பெரும்பங்கு ஈரலிலும் குடலிலும்தான் ஊறுகிறது. வாய் தடைப்பட்டால் அங்கே முதலில் முட்டும். குடல் சுவர் ஊறித் தடித்தால் பசி போகும், குளிசை உறிஞ்சப்படுவதும் தாமதமாகும். வீட்டில் அதே குளிசையை விழுங்கியும் பிரயோசனமில்லாமல், ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போட்டதும் மூத்திரம் போவதற்கு இது ஒரு காரணம். இதற்காக நல்லாக உறிஞ்சப்படும் வேறு குளிசை தரலாமே என்று நினைக்கத் தோன்றும். ரொறசமைட் என்று ஒன்று இருக்கிறது. 2023இல் வெளிவந்த அமெரிக்காவின் பெரிய ஒப்பீட்டில் புரூசமைட் எடுத்தவர்களுக்கும் அதை எடுத்தவர்களுக்கும் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் மலிவான குளிசையைப் பற்றி மனவருத்தம் வேண்டாம்.

நுரையீரல் கடைசியாகத்தான் மாட்டியது என்று சொன்னேனே. ஒரு சுகதேகியின் நுரையீரல் மயிர்க்குழாய்களில் அமுக்கம் திடீரென இருபத்தைந்து மில்லிமீற்றர் இரசத்தைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் மூச்சறைகளில் தண்ணீர் ஏறி நுரை தள்ளும். சிறுவயதில் வாதக்காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் அதே அமுக்கத்தோடு வருடக்கணக்கில் நடமாடுவார்கள், களைப்பு இருக்கும், ஆனால் நடமாடுவார்கள். மெல்ல மெல்ல ஏறிய அமுக்கத்துக்கு அவர்களின் நுரையீரல் நிணநீர்க் கலன்கள் பெருத்து, வடிக்கும் அளவைப் பல மடங்காக்கிக் கொண்டதும் ஒரு காரணம். எக்ஸ்ரேயின் அடிப்பக்க ஓரத்தில் சின்னச் சின்னக் கிடைக்கோடுகள் விழும். 1933இல் பீற்றர் கேர்லி விவரித்தவை. நுரையீரலின் சிறு பகுதிகளுக்கிடையே உள்ள தடுப்புகள் திரவம் ஊறித் தடித்ததால் விழும் கோடுகள் அவை. நிணநீர்க் கலன்கள் ஓடுவதும் அந்தத் தடுப்புகளுக்குள்தான். மாமாவின் படத்திலும் டொக்டர் பேனை நுனியால் இரண்டு மூன்று தொட்டுக் காட்டினார். காட்டியிராவிட்டால் படம் கழுவியதில் விழுந்த கீறல் என்றே நினைத்திருப்பேன்.

இதயம் நல்லாகச் சுருங்குகிறது, நிரம்பியதில் அறுபது சதவீதத்தைத் தள்ளுகிறது என்று எக்கோ படம் காட்டுகிறது, ஆனாலும் கால் வீங்குகிறது, ஏறினால் இறங்கினால் மூச்சு வாங்குகிறது என்கிற ஆட்கள் எங்கள் ஊரில் கூடிக்கொண்டே போகிறார்கள். பெரும்பாலும் நடுவயது தாண்டிய பெண்கள், சீனியும் பிரஷரும் உடம்பும் சேர்ந்தவர்கள். இதயம் விரிய மறுக்கிற வகை இது. கிளாஸ்கோவில் 2020இல் இப்படியானவர்களைச் சோதித்தபோது, அவர்களின் நிணநீர்க் கலன்களுக்குக் கூடுதலாக வருவதைச் சமாளிக்கும் கையிருப்புக் குறைந்திருந்தது. வீக்கத்துக்கு அமுக்கம் மட்டும் காரணமில்லை, வடிகாலும் ஏற்கெனவே பழுது என்ற எண்ணத்துக்கு அது பலம் சேர்த்தது.

இந்த இடத்தில் ஊர்க்கதை ஒன்றையும் தட்டிவிட வேண்டும். பெரிய காலைக் கண்டால் “யானைக்கால்” என்று குசுகுசுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நுளம்பால் பரவும் புழு நிணநீர்க் கலனையே பழுதாக்குகிற வேறு வருத்தம். இலங்கையில் அது பெரும்பாலும் இருந்தது மேல், தென், வடமேல் மாகாணங்களில். பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அது ஒழிக்கப்பட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கைக்குச் சான்றும் கொடுத்துவிட்டது. கழுத்து நாளம் புடைத்து, இரண்டு காலும் சேர்ந்து, அழுத்தினால் குழி விழுகிற வீக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிரஷருக்கு அம்லோடிபின் எடுக்கிறவர்களின் வீக்கம் மூன்றாவது வகை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரமானால் கணுக்கால் ஊதும், விடிந்தால் குறையும். அந்தக் குளிசை சிறிய நாடிகளை விரிப்பதால் மயிர்க்குழாய்க்குள் அமுக்கம் கூடுகிறது. அதோடு, தசைச் சுருக்கத்துக்கு வேண்டிய கல்சியத்தை மறிக்கிற குளிசை என்பதால் நிணநீர்க் கலனின் சுருக்கத்தையும் மட்டுப்படுத்துகிறது என்று ஆய்வுகூடப் பரிசோதனைகள் காட்டுகின்றன. இதற்குத் தண்ணிக் குளிசை போட்டு அதிகம் பிரயோசனமில்லை. குளிசையைத் தானாக நிறுத்தவும் கூடாது, கிளினிக்கில் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

மாமாவின் கொப்பியில் கடைசியாகச் சேர்ந்தது டபாகிளிபுளொசின். “எனக்குச் சீனி இல்லையே, சீனிக்குளிசை என்னத்துக்கு?” என்று பார்மசிக்காரரோடு வாக்குவாதப்பட்டார். சீனி இல்லாத இதய வருத்தக்காரர்களுக்கும் அது பலன் தருகிறது என்று 2019இலேயே பெரிய ஆய்வு காட்டிவிட்டது. ஏன் என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று எனக்குப் பிடித்தது: இரத்தத்தைவிட இழையத்தில் கிடக்கும் தண்ணீரைக் கூடுதலாக எடுக்கிறதாம். இப்போதைக்கு அது ஒரு கருதுகோள்தான்.

கழுத்தடி வாய்க்கே நேராகப் போகிற முயற்சிகளும் திரும்பத் தொடங்கிவிட்டன. கழுத்து நாளத்தால் ஒரு குழாயை இறக்கி, கானின் வாய் திறக்கும் அந்தச் சந்தியில் மட்டும் அமுக்கத்தைத் தற்காலிகமாகத் தாழ்த்தி வைக்கிற கருவியை மனிதர்களில் பரிசோதிக்கிறார்கள். பிலடெல்பியாவில் பிறப்பிலேயே ஒற்றை இதயவறையோடு பிறந்த பிள்ளைகளுக்கு நிணநீர்க் கலன்களை எம்ஆர்ஐயில் படம்பிடித்து, நுரையீரலுக்குள் ஒழுகுகிற கலனைத் தேடி அடைக்கிறார்கள். 1963இல் விட்ட இடத்திலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கையில் இருப்பது தராசு. இழையத்துக்குள் திரவம் வழமையைவிட முப்பது சதவீதம் அளவுக்குக் கூடிய பிறகுதான் விரலுக்குக் குழி விழும் என்பது உடற்றொழிலியலில் பழைய கணக்கு. அதுவரை நிணநீர் கூடுதலாக ஓடிச் சமாளித்துக்கொண்டிருக்கும், கால் ஒன்றும் சொல்லாது. தராசு சொல்லிவிடும். விடிய எழும்பி, மூத்திரம் பெய்துவிட்டு, சாப்பிட முன், அதே சாறனோடு ஏறி நிற்க வேண்டும். மூன்று நாளைக்குள் இரண்டு கிலோ கூடினால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கக் கூடாது. மாமாவின் நிறையை மாமி வாய்க்கால் கூலிக் கணக்கு எழுதிய பழைய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறார்.

எண்ணெய் போட்டுக் காலை மேல்நோக்கி உருவிவிட்டால் வீக்கம் வடியும் என்று பரியாரி ஒருவர் வந்து நின்றதும் நடந்தது. வடியும்தான். வடிந்தது எங்கே போகும்? ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும் இதயத்துக்கு. மூச்சு முட்டுகிற ஆளுக்கு இறுக்கமாகக் கால்கட்டுப் போடுவதும் அப்படித்தான், டொக்டரைக் கேட்காமல் செய்கிற காரியமில்லை. இரவில் காலை நீட்டிப் படுத்ததும் காலில் கிடந்தது திரும்பி வந்து மூச்சு முட்டுவதும், இடையிடையே மூத்திரத்துக்கு எழும்புவதும் ஏன் என்பது இதிலேயே விளங்கும். மெல்ல நடப்பது வேறு. கெண்டைக்கால் தசை சுருங்குகிற ஒவ்வொரு தரமும் நிணநீருக்கு ஒரு தள்ளு. டொக்டர் சம்மதித்த பிறகு மாமா இப்போது வரம்பில் நடக்கிறார், சேற்றில் இறங்குவதில்லை.

தீராமல் கிடப்பது கருவாட்டு வழக்கு. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சேலைன் போத்தலில் ஒரு லீட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு. மாற்றிச் சொன்னால், உடம்பு வெளியேற்றாமல் வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு ஒன்பது கிராமும் ஒரு லீட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கும், தராசில் ஒரு கிலோ. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் நில்லுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சுகதேகிகளுக்கு. மாமி இதை எல்லாம் கேட்டுவிட்டு, சுடுதண்ணியில் ஊறப்போட்டு இரண்டு தரம் கழுவித்தான் ஆணம் காய்ச்சுகிறேன் என்கிறார். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார். இப்போதைய உடன்பாடு, கொப்பியில் நிறை ஏறாத கிழமையில் மட்டும் ஒரு துண்டு. போன கிழமை அரைக் கிலோ ஏறியிருந்தது. தராசை நிலத்தில் சரியாக வைக்கவில்லை என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.